பையன் போனில் படிக்கிறானா, பொழுதைப் போக்குகிறானா?

வணக்கம் அம்மா. சனிக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள், நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் விட்டுச் சென்ற தாள் என் மேசையில்தான் இருக்கிறது. உங்கள் பையன் தூங்கிய பிறகு அவன் போனைப் பார்த்து எழுதிய பட்டியல்: டெலிகிராமில் 9 குரூப், வாட்ஸ்அப்பில் 6, டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் 3. "பதினெட்டு குரூப்பில் இருக்கிறவன் எப்போ சார் படிப்பான்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ராத்திரி போனை எடுத்துப் பார்த்தது அவ்வளவு நியாயமில்லை. அதை அப்புறம் பேசுவோம்.

தம்பி காலையில் பி.காம். படிக்கிறான், மீதி நேரத்தில் ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்த பிறகு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இப்படித்தான். பாடம் வீடியோவாக வருகிறது. வாரா வாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வகுப்பில் என்றால் புரியாதபோது பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டை எட்டிப் பார்ப்போம். வளசரவாக்கத்து வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் கணக்கு இடித்தால் யார் நோட்டை எட்டிப் பார்ப்பது? அந்த பெஞ்சுதான் இப்போது குரூப்பாகப் போனுக்குள் வந்திருக்கிறது. தனியாக வீடியோ மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே சத்தமில்லாமல் நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் காலத்தில் இதற்கு கம்பைன்ட் ஸ்டடி என்று பெயர். அப்போதும் வீட்டில் நம்பவில்லை, இல்லையா? நம்பாததும் சரிதான். கம்பைன்ட் ஸ்டடி என்று சொல்லிவிட்டு நான் மெரினாவில் சுண்டல் தின்ற நாட்கள் கணிசம். ஆனால் அக்கவுன்டன்சியில் நான் தேறியது, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நண்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று ராத்திரிகளால்தான்.

1961-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை செய்தார். ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடித்துத் துவைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு அந்தப் பிள்ளைகளும் பொம்மையை அதே மாதிரி அடித்தார்கள். பார்த்தே கற்கிறோம் என்பதற்கு இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் உறைப்பது வேறு: பார்த்தது நல்லதா கெட்டதா என்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. குரூப்பும் அப்படித்தான். அங்கே எல்லோரும் முட்டி மோதிக் கணக்குப் போட்டால் இவனும் போடுவான். விடையைச் சுட்டால் இவனும் சுடுவான்.

ஆகவே பதினெட்டு என்ற எண்ணை விட்டுவிடுங்கள். அதில் எது எந்த வகை என்று பார்ப்போம். உங்கள் தாளில் 'பிச்சாவரம்' என்ற பெயருக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. டூர் போகிற கும்பல் என்று நினைத்துவிட்டீர்கள். அந்தப் படிப்பில் மாணவர்களை 'ஹவுஸ்' என்று பிரித்து காடுகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீலகிரி, வயநாடு, பிச்சாவரம் எல்லாம் அதில் வருபவை. தம்பி எந்தக் காலேஜுக்குப் போகிறான் என்று கேட்டால், பாதி பதில் அந்தக் குரூப்தான்.

நான் பயப்படுவது நீங்கள் கோடே போடாத ஒன்றுக்கு. பெயரிலேயே 'சொல்யூஷன்ஸ்' என்று இருக்கிறதே, அது. கெடு முடிவதற்கு முந்தைய ராத்திரி யாரோ விடைகளை ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடுவார்கள், நூறு பேர் 'நன்றி ப்ரோ' போடுவார்கள். ஐஐடிகள் இணையவழி நடத்தும் என்பிடெல் சான்றிதழ் படிப்புகளில் நூற்றுக்கு அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இந்தக் கணக்கு தெரிந்தும் அந்த 25-க்காகச் சுடுவார்கள். பெரம்பூரிலிருந்து ஒரு பெண் என்னிடம் வருவாள். ஓர் இணையப் படிப்பில் அசைன்மென்ட் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். தேர்வு ஹாலில் முதல் கேள்வியைப் பார்த்ததும் கை ஓடவில்லையாம். "படிச்ச மாதிரியே இருந்துச்சு சார்" என்று அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை. விடையைப் படித்தவர்களுக்குப் பாடத்தையே படித்த மாதிரித்தான் இருக்கும்.

அடுத்து, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் மூன்று டெலிகிராம் சானல்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வீட்டிலிருந்தே 'டாஸ்க்' முடித்தால் பணம் என்று எது வந்தாலும் பதிலே போட வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். கட்டினானா என்று அவனைத் திட்டாமல் கேளுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் இரண்டாவது தவணையையும் கட்டிவிடுவான்.

வேலைக்கு உண்மையில் உதவுவது வேறு. பைத்தான் என்ற கணினி மொழியில் தம்பி எழுதும் நிரல்களை, நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடட்டும். சென்னையில் பைத்தான்காரர்கள் கூடும் சென்னைபை சந்திப்புக்கு ஒருமுறை போய் வரட்டும். கணினி ஆர்வலர்களின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையத்தில் தமிழிலேயே கூடிப் பேசுகிறது, கூச்சமுள்ள பிள்ளைக்கு அது தோது. ஒஎம்ஆர் சாலை ஐடி கம்பெனி இன்டர்வியூவில் எத்தனை குரூப்பில் இருந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நீ செய்ததைக் காட்டு என்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். போனைப் பிடுங்காதீர்கள். "எத்தனை மணி நேரம் பார்த்தாய்?" என்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் குரூப்பில் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தாயா?" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுத்திருந்தால் அவனே வாய் ஓயாமல் சொல்வான், உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். முழித்தால், அந்த வாரம் ரீல்ஸில் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குரூப்பில் சென்னைப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். ஞாயிறன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கூடிப் படிக்கட்டும். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதியே இருக்கிறது.

இந்தத் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். போனைப் பார்த்ததை ஒத்துக்கொண்டு தம்பியிடம் கொடுங்கள். ஒரு மணி நேரம் முறைப்பான், பரவாயில்லை. எந்தெந்தக் குரூப்பை விட்டு வெளியே வரலாம் என்று அவனே அடிக்கட்டும். ஆறு மிஞ்சினால் போதும். பிச்சாவரத்தை அடிக்கச் சொல்லாதீர்கள்.