இரண்டு ஆவணங்களும் பூட்டிய நைட்ரஜன்: டின்பிளேட் காப்புரிமை ஆட்சேபத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: உருக்காலை ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். டப்பா மூடிகளுக்கான மெல்லிய, வலிமையான டின்பிளேட்டை (வெள்ளீயம் பூசிய எஃகுத் தகட்டை) தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். எஃகில் கார்பன் 0.02 முதல் 0.06%, நைட்ரஜன் 0.008 முதல் 0.015%. வெப்ப உருட்டலுக்குப் பின் 600 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காயிலாக, அதாவது பெரிய சுருளாக, சுற்றுகிறோம். பிறகு குளிர் உருட்டல், தொடர் அனீலிங் (தகட்டை ஓடவிட்டபடியே சூடாக்கி மென்மையாக்குவது), 10 முதல் 20% இரண்டாம் குளிர் உருட்டல், கடைசியில் வெள்ளீய முலாம். பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி மறுத்திருக்கிறார். முதலாவதில் எங்கள் படிகள் எல்லாமே இருக்கின்றன. நைட்ரஜனும் 0.01% வரை போகிறது. ஆனால் காயில் சுற்றும் வெப்பநிலை 640 முதல் 700 டிகிரி. இரண்டாவதில் அது 540 முதல் 600. "இரண்டையும் சேர்ப்பது துறையறிந்த எவருக்கும் தோன்றும்" என்கிறார். (இரண்டாவது ஆவணத்தில் பேட்ச் அனீலிங். இது முக்கியமா என்று தெரியவில்லை.) பரிசோதகருக்கு உலோகவியல் தெரியவில்லை என்று பதில் எழுதச் சொல்கிறார்கள் எங்கள் பொறியாளர்கள். புதிய சோதனை முடிவுகளைச் சேர்க்கலாமா?

பதில்: முதலில், அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். எஃகுப் பிரிவில் உட்காரும் பரிசோதகர் இதே போன்ற விண்ணப்பங்களை வருடக்கணக்கில் படித்தவர். உருட்டு ஆலையில் நின்றிருக்க மாட்டார், அவ்வளவுதான். அவருடைய ஆட்சேபம் காகிதத்தில் ஒழுங்காகவே கட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஆவணத்தில் எல்லாம் இல்லை என்று ஒப்புக்கொண்டதால் புதுமை இருப்பதை அவர் மறுக்கவில்லை. மிச்சமிருப்பது ஒரே கேள்வி: முதல் ஆவணத்தைக் கையில் வைத்திருப்பவர் எதற்காகக் காயில் வெப்பநிலையைக் குறைக்கப் போகிறார்?

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதினீர்களே, இரண்டாவது ஆவணத்தில் பேட்ச் அனீலிங் என்று. உங்கள் வழக்கே அந்த வரியில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த உலோகவியல்தான் என்றாலும், பதிலில் எழுத வேண்டிய வரிசையில் அதைச் சொல்கிறேன். அலுமினியம் சேர்த்து, ஆக்சிஜனை அகற்றி அமைதிப்படுத்திய எஃகில் நைட்ரஜனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, இரும்பில் கரைந்து தனியாகத் திரிவது. மற்றது, அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினியம் நைட்ரைடாகப் பூட்டப்படுவது. கரைந்த நைட்ரஜன் தகட்டை வலிமையாக்கும். இரண்டாம் உருட்டலுக்குப் பிறகு, அரக்குப் பூச்சைச் சுடும் 200 டிகிரி அளவிலான சூட்டில் அது இடப்பெயர்ச்சிகளை (உலோகம் வளைய உதவும் படிகக் குறைகளை) பிடித்துக்கொண்டு தகட்டை இன்னும் இறுக்கும். மூடிக்கு அது நல்லது. ஆழமாக இழுத்து உருவாக்கும் டப்பாவுக்கு ஆகாது. நீட்சி குறையும், மேற்பரப்பில் இழுவரிகள் விழும்.

இனி முதல் ஆவணம். 640 டிகிரிக்கு மேல் சுற்றிய காயில் மெல்லத்தான் ஆறும். அந்த நேரத்தில் நைட்ரைடு வீழ்படிந்துவிடும். அதாவது அவர்கள் நைட்ரஜனைக் காயிலிலேயே பூட்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் தொடர் அனீலிங்கில் தகடு உச்ச வெப்பநிலையில் நிற்பது சில பத்து விநாடிகள்தான். பூட்டும் வேலையை அங்கே ஒப்படைக்க முடியாது. அதனால்தான் அவர்களுக்கு உயர்ந்த காயில் வெப்பநிலை தேவைப்பட்டது.

இரண்டாவது ஆவணத்தில் காயில் குளிர்ச்சியாகச் சுற்றப்படுகிறது, நைட்ரஜன் கரைந்தபடியே நிற்கிறது. ஆனால் அடுத்து வருவது பேட்ச் அனீலிங். காயில்களை அடுக்கி மூடி, மணிக்குச் சில பத்து டிகிரி என்று மெதுவாகச் சூடேற்றும்போது நைட்ரைடு வீழ்படிகிறது. ஆழ இழுப்புக்கு உகந்த படிகத் திசையமைப்பும் அப்போது கிடைக்கிறது. குளிர்ந்த காயிலை அவர்கள் தேர்ந்ததே பூட்டுவதை உலைக்குத் தள்ளிப்போடத்தான்.

ஆக, இரண்டு ஆவணங்களும் நைட்ரஜனைப் பூட்டுகின்றன. ஒன்று காயிலில், மற்றொன்று உலையில். இரண்டாவதன் குளிர்ந்த காயிலை எடுத்து முதலாவதன் தொடர் அனீலிங்கோடு ஒட்டினால் நைட்ரஜன் எங்குமே பூட்டப்படாது. இரண்டு ஆவணங்களும் எதைத் தவிர்க்கப் பாடுபட்டனவோ அதுதான் மிஞ்சும். துறையறிந்தவர் அப்படிச் சேர்க்க மாட்டார் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. பதிலின் முதல் பக்கத்திலேயே இது இருக்கட்டும்.

ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை. இரண்டு ஆவணங்களையும் முழுக்கப் படியுங்கள், சுருக்கத்தை மட்டுமல்ல. இரண்டாவதன் ஏதோ ஒரு பத்தியில் "தொடர் அனீலிங்கும் செய்யலாம்" என்றோ, "கரைந்த நைட்ரஜன் வலிமைக்கு உதவும்" என்றோ ஒரு வரி இருந்தால் மேலே கட்டிய கோபுரம் சரிந்துவிடும். ஜப்பானிய எஃகு விண்ணப்பங்களில் இப்படியான வரிகள் ஏராளம். எழுதியவர் எல்லா வழிகளையும் அடைத்துவைக்கப் பார்த்திருப்பார். மொழிபெயர்ப்பு எந்திரம் தந்ததாக இருந்தால் அந்தப் பத்தியை மட்டுமாவது மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, உங்கள் உரிமைக்கோரல் (எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்கும் பகுதி) இந்தக் கதையைச் சொல்கிறதா? நீங்கள் எழுதியனுப்பியதைப் பார்த்தால் சொல்லவில்லை. "600 டிகிரிக்குக் கீழே" என்றால் 100 டிகிரியும் அதில் அடங்கும். கீழ் எல்லை இல்லாத கோரலைப் பார்த்ததும் பரிசோதகர் புருவத்தை உயர்த்துவார். "தொடர் அனீலிங்" என்று மட்டும் இருக்கிறது, வெப்பநிலையும் நேரமும் இல்லை. அலுமினியத்தின் அளவே உங்கள் கடிதத்தில் இல்லை. நைட்ரஜன் கரைந்து நிற்பதுதான் காரணம் என்றால் அலுமினியத்துக்கு மேல் வரம்பு வேண்டாமா? விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், இவற்றுக்கான எண்கள் இருந்தால் அவற்றைக் கோரலுக்குள் கொண்டுவாருங்கள். இல்லாத எண்ணைப் புதிதாகக் கொண்டுவர எந்த அலுவலகமும் விடாது. அதில் மிகக் கறாரானது ஐரோப்பிய அலுவலகம். உதாரண அட்டவணையிலுள்ள ஓர் எண்ணை எடுத்து வரம்பின் எல்லையாக வைக்கலாமா என்று கேட்பீர்கள். ஈயக் கலவை ஒன்றைப் பற்றிய டி 201/83 என்ற ஐரோப்பிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது. நிபந்தனை என்னவென்றால், அந்த எண் அந்த உதாரணத்தின் மற்ற அம்சங்களோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கக் கூடாது.

இப்போது உதாரண அட்டவணை. வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசோதகரின் விரல் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, காயில் வெப்பநிலை மட்டும் 640-க்கு மேல் போன ஓர் ஒப்பீட்டு உதாரணம் உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஆலை ஆட்கள் ஒரே சமயத்தில் மூன்று மாறிகளை மாற்றிவிட்டு "பார், நன்றாக வந்திருக்கிறது" என்பார்கள். அந்த அட்டவணையிலிருந்து எந்த மாறி வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசோதகர் அதைத்தான் எழுதுவார்.

எண்களை மாற்றிப் பார்ப்பது வழக்கமான வேலை என்ற வாதத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் 1955-இல் தீர்ப்பான அல்லர் வழக்கில், பினால் என்ற வேதிப்பொருளின் தயாரிப்பில் வெப்பநிலையையும் அமிலச் செறிவையும் மாற்றியவருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. பொதுவான நிலைமைகள் முன்பே தெரிந்திருக்கும்போது, வழக்கமான சோதனையால் உகந்த வரம்பைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பாகாது என்றது நீதிமன்றம். இன்றும் அமெரிக்க ஆட்சேபங்களில் அந்த வழக்கு வந்து நிற்கும். அதிலிருந்து தப்ப வழி, வரம்புக்குள் வந்ததும் விளைவு அளவில் அல்ல, தன்மையில் மாறுகிறது என்று காட்டுவது. உங்களுக்கு அது சாத்தியம். நைட்ரஜன் பூட்டப்பட்ட தகடும் பூட்டப்படாத தகடும் அரக்குச் சூட்டுக்குப் பிறகு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. புதிய சோதனை முடிவுகளை விவரக்குறிப்புக்குள் நுழைக்க முடியாது. தனியாக, சோதனை செய்தவரின் உறுதிமொழியோடு சான்றாகத் தரலாம். அதற்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்க மேல்முறையீட்டு வாரியம் 2023 மார்ச்சில் தந்த ஜி 2/21 முடிவின்படி, விண்ணப்பத்துக்குப் பின் வெளியானது என்பதற்காக மட்டும் ஒரு சான்றை ஒதுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் காட்டும் விளைவு, முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பின் போதனைக்குள் அடங்கியதாகத் துறையறிந்தவருக்குப் புலப்பட வேண்டும். எனவே விவரக்குறிப்பில் "கரைந்த நைட்ரஜன்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். ஒரு வரி இருந்தாலும் போதும், அதில் ஊன்றி நிற்கலாம். ஒன்றுமே இல்லாமல் வலிமையை மட்டும் அளந்து எழுதியிருந்தால், சான்றும் வலிமையைப் பற்றியதாகவே இருக்கட்டும். நைட்ரஜன் கதையை ஏன் இரண்டு ஆவணங்கள் ஒட்டாது என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். அது உங்கள் விளைவல்ல, அவர்களுடைய நோக்கம். அதை அவர்கள் ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

சோதனைகளை எப்படித் திட்டமிடுவது? ஒரே உருக்கிலிருந்து வந்த ஸ்லாபுகள் (உருட்டுவதற்கு முந்தைய எஃகுப் பாளங்கள்). 560, 600, 640, 680 டிகிரிகளில் காயில். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பாதை. நைட்ரஜன் வரம்பின் இரு ஓரங்களிலும், அதாவது 0.008%, 0.015% அருகில், ஓரத்துக்கொரு தொடர். உங்கள் உதாரணங்கள் எல்லாம் 0.011% சுற்றி இருந்தால், முழு வரம்புக்கும் விளைவு நிரூபிக்கப்படவில்லை என்பார்கள். அது நியாயமான ஆட்சேபம்தான். ஜப்பானின் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றத்தின் பெரு அமர்வு 2005-இல் அளவுருக் காப்புரிமை (எண் வரம்புகளால் பொருளை வரையறுப்பது) ஒன்றில் இதே காரணத்தால் கோரலை நிற்க விடவில்லை. இரண்டு உதாரணங்களை வைத்துக்கொண்டு பெரிய வரம்பைக் கேட்டால் விவரக்குறிப்பு அதைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் வரம்பைச் சுருக்குங்கள். 0.009 முதல் 0.013% என்று கிடைக்கும் காப்புரிமை, 0.008 முதல் 0.015% என்று கேட்டுத் தோற்பதைவிட மேல்.

அளவீட்டையும் கவனியுங்கள். இழுவலிமையை அரக்குச் சூட்டுக்கு முன்பு அளந்தீர்களா, பின்பா? எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் சுட்டீர்கள்? காயில் வெப்பநிலை என்பது காயிலின் நடுப்பகுதியினுடையதா, முனைகளுடையதா? (முனைகள் சீக்கிரம் ஆறும் என்பது உங்களுக்குத் தெரியும். பரிசோதகர் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.) கடினத்தன்மையைக் கோரலில் வைத்திருந்தால், மிக மெல்லிய தகட்டில் ராக்வெல் 30டி என்ற கடினத்தன்மை அளவை நேரடியாக எடுத்தால் அடித்தளத்தின் கடினமும் கலந்துவிடும் என்பதையும், குறைந்த சுமையிலான 15டி அளவை அளந்து மாற்றியிருந்தால் அதையும் விவரக்குறிப்பு சொல்ல வேண்டும். இவை தெளிவாக இல்லாவிட்டால் கண்டுபிடிப்பு பற்றிய விவாதத்துக்கே போகாமல் தெளிவின்மையில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெள்ளீய முலாம் என்ற கடைசிப் படியை நம்பாதீர்கள். மின்முலாமும், அதன்பின் வெள்ளீயத்தை 232 டிகிரிக்கு மேல் உருக்கிப் பளபளப்பாக்குவதும் பல பத்தாண்டுகளாக எல்லோரும் செய்வது. அதைச் சேர்ப்பதால் கண்டுபிடிப்பு கனக்காது. ஒரு சந்தர்ப்பம் மட்டும் உண்டு: அந்த உருக்கும் சூட்டிலேயே கரைந்த நைட்ரஜன் தன் இறுக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று உங்கள் தரவு காட்டினால், அந்தப் படி அலங்காரமாக இல்லாமல் முறையின் அங்கமாகிவிடும். உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முறையோடு தகட்டையும் தனிக் கோரலாகக் கேட்கலாமா என்ற எண்ணம் வந்திருக்கும். வரவேண்டும், ஏனென்றால் போட்டியாளரின் ஆலைக்குள் போய் அவர் எத்தனை டிகிரியில் காயில் சுற்றுகிறார் என்று நீங்கள் பார்க்க முடியாது. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவு, முறைக் காப்புரிமையை அந்த முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளுக்கும் நீட்டுகிறது. 34-ஆவது பிரிவு சில சூழல்களில் நிரூபிக்கும் சுமையை எதிராளியிடம் தள்ளுகிறது. அப்படியும் சந்தையில் வாங்கிய டப்பா மூடியை வெட்டி, கரைந்த நைட்ரஜனை அளந்து காட்ட முடிவதுதான் எளிது. ஆனால் தகட்டுக் கோரலில் ஆபத்து வேறு மாதிரி. 1985-இல் அமெரிக்காவில் தீர்ப்பான டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கில், ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்திலிருந்த ஒரு புள்ளி உலோகக் கலவைக் கோரலை வீழ்த்தியது. கட்டுரை அரிப்பைத் தாங்கும் குணம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய உலோகத்தில் புதிய குணத்தைக் கண்டால் உலோகம் புதிதாகிவிடாது என்றது நீதிமன்றம். ஆகவே தகட்டைக் கேட்பதானால் கலவையை மட்டும் நம்பாமல், கரைந்த நைட்ரஜனின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கும் விவரக்குறிப்பில் ஆதாரம் வேண்டும். "இந்த முறையால் செய்யப்பட்ட தகடு" என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. பெரும்பாலான அலுவலகங்கள் முறையை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் பழையதோடு ஒப்பிடும்.

பதிலை அனுப்பும் முன் பரிசோதகரிடம் ஒரு நேர்காணல் கேளுங்கள். தொலைபேசியிலோ காணொளியிலோ அரை மணி நேரம் போதும். நைட்ரஜன் எந்தப் படியில் எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று வரிசைகளில் ஒரு படம் வரைந்து எடுத்துச் செல்லுங்கள்: முதல் ஆவணம், இரண்டாவது ஆவணம், உங்களுடையது. பேச்சின் நடுவே அவர் எந்த எண்ணைத் தொடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணைக் கோரலில் சேர்த்தால் வழி திறக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. விண்ணப்பத் தேதிக்கு முன்னால் டப்பா செய்யும் நிறுவனம் எதற்காவது மாதிரிக் காயில் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் தேதியையும், இரகசிய ஒப்பந்தம் இருந்ததா என்பதையும் உங்கள் காப்புரிமை வழக்கறிஞரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓராண்டுச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் இரகசியமாக நடந்த விற்பனையும் விற்பனைதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.