டோக்கியோ மாரத்தானில் மெதுவாக ஓடுபவர்கள் 7 மணி நேரத்துக்குள் முடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கால வரம்பான அந்த 7 மணி நேரம் உங்கள் கையில் முழுதாக வராது.

42.195 கிலோமீட்டரை 7 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 நிமிடம் போதும். வேகமாக நடந்தாலே இதை எட்டிவிடலாம் என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், கடிகாரம் நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது ஓடத் தொடங்குவதில்லை, துப்பாக்கி வெடித்ததுமே தொடங்கிவிடுகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலிருந்து கிளம்புகிறார்கள். கடைசிப் பிரிவில் நிற்பவருக்குக் கோட்டை அடையவே 25 நிமிடம் போய்விட்டது என்று வையுங்கள். அப்புறம் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 22 நொடிதான் மிச்சம். கழிப்பறை வரிசையில் ஒருமுறை நின்றால் அதுவும் குறையும்.

இன்னொன்று, முடிவுக் கோட்டில் மட்டும் நேரம் பார்ப்பதில்லை. வழியில் பல இடங்களில் சாலையை மறுபடி வண்டிகளுக்குத் திறக்கும் நேரம் குறித்திருப்பார்கள். அதற்குள் அந்த இடத்தைத் தாண்டாதவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டியதுதான். அதனால் அந்த நேரங்களை ஒரு சின்னத் தாளில் எழுதி, வியர்வையில் நனையாமல் கையில் கட்டிக்கொள்ளுங்கள். முதல் 10 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் நேரம் சேர்த்து வைப்பது நல்லது, ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு வேண்டாம்.

பயிற்சியிலேயே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பழகுங்கள். பின்வரிசையில் ஓடுபவர்களுக்கு இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மேசை அருகே காகிதக் குவளைகள் நசுங்கிக் கிடக்கும், சிந்திய பானம் காலணியில் ஒட்டும். அங்கே மட்டும் நடந்தே போங்கள்.