புல் வெட்டும் இயந்திரம் ஐந்து நிமிடத்தில் நிற்கிறது; கடைக்காரர் கொழும்புக்குப் போகச் சொல்கிறார்

போகாதீர்கள். உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தியது யாழ்ப்பாணக் கடை என்றால், கொழும்பு முகவரிடம் அனுப்பி எடுப்பது அவர்கள் பாடு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். இரண்டு முறை திருத்தக் கொடுத்ததற்கான துண்டுகளையும் இணையுங்கள்.

சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம் என்பதே என் முதல் ஐயம். நம் செம்மண் புழுதிக்கு அது பெரிய வேலையல்ல. அடுத்த முறை நின்றவுடன் மூடியைச் சற்றுத் தளர்த்தி மறுபடியும் இயக்குங்கள். உடனே பிடித்துக்கொண்டால் குற்றம் மூடியில்தான். பிடிக்காவிட்டால் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை பெற்றோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை, பிளக்குக்கு மின்சாரம் தரும், சூட்டில் செயலிழக்கும் கொயில்தான் பெரும்பாலும் காரணம், அது உற்பத்திக் குறைபாடு. உலர்ந்திருந்தால், பெற்றோலைக் காற்றோடு கலந்து தரும் காபரேற்றர் வழியாக எரிபொருள் இயந்திரத்துக்குள் போகவில்லை. இதைக் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள்.

காபரேற்றரை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். "வெளியே கழற்றியிருக்கிறீர்கள்" என்ற ஒரு சொல்லோடு உத்தரவாதத்தை மறுத்துவிடுவார்கள்.

கடை அசையாவிட்டால், மாவட்டச் செயலகத்திலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைப் பிரிவில் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் விற்பனையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உள்ளடக்குகிறது. ஆனால் பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.