தூளியில் தூங்கும் குழந்தை டேகேரில் ஏன் தூங்குவதில்லை?

9 மாதப் பெண், வீட்டில் தூளியில் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள், பெரம்பூர் டேகேரில் மெத்தையில் போட்டால் ஒரே அழுகை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டமும், துணி நாலு பக்கமும் அணைத்திருப்பதும் சேர்ந்தால்தான் அவளுக்குத் தூக்கம். அங்கே இரண்டுமே இல்லை.

அதனால் முதலில் வீட்டில் மாற்றுங்கள். வியாசர்பாடியில் என் பையனுக்கு நாங்கள் காலைத் தூக்கத்தை மட்டும் தரையில் மெத்தைக்கு மாற்றினோம், மற்றதெல்லாம் வழக்கம்போல தூளிதான். கண் சொருகும்போதே படுக்கவைத்து, நெஞ்சில் கை வைத்து, தினமும் அதே தாலாட்டு. நாலைந்து நாள் அழுதான், எனக்கே கண் கலங்கியது, ஆனாலும் தூக்கி ஆறுதல்படுத்தித் திரும்பவும் அங்கேயே படுக்கவைத்தோம். மூன்றாவது வாரம் பழகிவிட்டான். அப்புறம் அந்தத் தாலாட்டை டேகேர் ஆயாம்மாவுக்கும் பாடிக் காட்டினேன்.

நேரமும் முக்கியம். இந்த வயதில் எழுந்து இரண்டரை, மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் தூக்கம் வரும். காலை 6 மணிக்கு எழுந்தவளை மதியம் 1 மணிக்குத்தான் படுக்கவைத்தால், களைத்துப்போய்த் தூங்கவே முடியாமல் அழுவாள். எழுந்த நேரத்தைத் தினமும் சீட்டில் எழுதிக் கொடுங்கள், கண்ணைக் கசக்கினால், காதை இழுத்தால் உடனே படுக்கவைக்கச் சொல்லுங்கள்.

அம்மா வாசனைக்குப் புடவையைப் பக்கத்தில் போடச் சொல்வார்கள், வேண்டாம். ஒரு வயதுக்குள் தலையணை, தளர்வான துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது, மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும்.