பணத்தை நிறுத்தாதீர்கள், மீறலைப் பதிவு செய்யுங்கள்

சனிக்கிழமைதோறும் குழந்தையை உங்களிடம் விட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டும் முன்னாள் மனைவி ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பதாகவும், பதிலுக்குப் பராமரிப்புத் தொகையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அவர் மீறியதால் நீங்களும் மீறும் உரிமை வராது. நாளை நீதிபதி முன் இருவருமே உத்தரவை மீறியவர்களாக நிற்பீர்கள். பள்ளிக்குப் போய்க் குழந்தையைக் கூட்டி வருவதும் வேண்டாம்.

உத்தரவை மறுபடி வரிவரியாகப் படியுங்கள். நேரம், இடம், யார் கொண்டுவந்து விட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா? ‘இருவர் வசதிப்படி’ என்று மட்டும் இருந்தால் மீறலை நிரூபிப்பது கஷ்டம். அப்போது விவரமாகத் திருத்தித் தரக் கேட்டு மனு போடுவதே நல்லது.

தெளிவாக இருந்தால், வரமாட்டார் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இல்லாவிட்டால் ‘இவர்தான் வரவில்லை’ என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். அங்கிருந்தே ஒரு செய்தி அனுப்புங்கள்: “வந்து காத்திருக்கிறேன், குழந்தை வரவில்லை. ஈடாக எந்த நாள் தருவீர்கள்?” கோபம் ஒரு சொல்லிலும் வேண்டாம், அதை நீதிபதி படிக்கக்கூடும்.

அப்புறம் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனு. தவறிய நாட்களுக்கு ஈடும் சேர்த்துக் கேளுங்கள். நீதிமன்ற அவமதிப்பு மனு என்றால், வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட வேண்டியிருக்கும். குழந்தைக்கு உண்மையாகவே காய்ச்சல் இருந்த நாட்களை அதில் சேர்க்காதீர்கள், உங்கள் பேச்சின் நம்பகத்தன்மையே போய்விடும்.

குழந்தையை ஊரைவிட்டே கொண்டுபோகப் போகிறார் என்ற சந்தேகம் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.