செயற்கைக் காலைக் கொடுத்த பிறகு

கேள்வி: கம்போடியாவில் கண்ணிவெடியால் காலை இழந்தவர்களுக்கு வெளிநாட்டு அமைப்புகள் செயற்கைக் கால்களை இலவசமாக வழங்கியதாகப் படித்தேன். அந்த உதவி நின்றுபோனால் அவர்களின் நிலை என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் காரியம் அன்று. பெரியவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகளிலும், வளரும் குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதங்களிலும் அதை மாற்றியாக வேண்டும். எஞ்சிய கால் மெலிந்து, அதைத் தாங்கும் கிண்ணம் தளர்ந்து, தோல் உராய்ந்து புண்ணாகிவிட்டால், வயலில் வேலை செய்பவர் செயற்கைக் காலைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடியும் ஊன்றுகோலைத்தான் தேடுவார்.

எனவே, கால்களைக் கப்பலில் அனுப்புவதைவிட, அவற்றைச் செய்யும் கைகளை அந்த மண்ணிலேயே உருவாக்குவதே உண்மையான உதவி என்பேன். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1991இல் கம்போடியாவின் பட்டம்பாங் நகரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியதோடு, மலிவான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் வார்க்கும் முறையையும் பரப்பியது. பிரிட்டனின் கம்போடியா டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு 1994இல் தலைநகர் புனோம் பென்னில் தொடங்கிய பள்ளியில் உள்ளூர் இளைஞர்களே இந்தத் தொழிலைக் கற்றார்கள்.

பின்னர் மையங்களின் பொறுப்பு படிப்படியாகக் கம்போடிய அரசிடம் மாறியது. ஆனால் தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து மையத்துக்கு வரும் பேருந்துச் செலவும், இழக்கும் கூலியும் ஏழைக்குப் பெரும் சுமை. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கும் அரசு பணம் ஒதுக்கியாக வேண்டும்.