மீட்கப்பட்ட பிறகும் முன்பணம் கேட்கிறார் மேஸ்திரி

கேள்வி: நாங்கள் இருளர். முன்பணம் வாங்கிச் செங்கல் சூளையில் மாட்டிக்கொண்டோம். போன வருடம் கோட்டாட்சியர் மீட்டு, எனக்கும் மனைவிக்கும் விடுதலைச் சான்று தந்தார். ஆளுக்கு 30,000 ரூபாய் வந்தது. அப்புறம் எதுவும் இல்லை. நிலையான வேலையும் கிடைக்கவில்லை. "40,000 ரூபாயைக் கட்டு, இல்லை சூளைக்கு வா" என்று மேஸ்திரி போனில் மிரட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-இன் 6-ஆம் பிரிவுப்படி அந்தக் கடன் அப்போதே ஒழிந்துவிட்டது. இனி அதற்காகப் பணம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. "அது சும்மா கைமாற்று" என்று முதலாளி சொன்னால் நிரூபிக்க வேண்டியவர் அவரே. மேஸ்திரி நீட்டும் எந்தத் தாளிலும் கைரேகை வைக்காதீர்கள். மிரட்டல் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். முதலாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து பிழைப்பு. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உங்களுக்கு 1 லட்சம், மனைவிக்குத் தனியாக 2 லட்சம் உண்டு. குடும்பத்துக்கு ஒரு தொகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழுத்தொகை கைக்கு வருவது முதலாளி மீதான வழக்கின் முடிவைப் பொறுத்தது. இந்த நிபந்தனையால்தான் பலருக்கும் இழுத்தடிக்கிறது. ஆனால் கொத்தடிமையாக இருந்ததற்கு முகாந்திரம் இருந்தால், தண்டனை விவரம் வரவில்லை என்று கருத்துருவை (தொகை கேட்டு மாவட்ட நிர்வாகம் அனுப்பும் முன்மொழிவை) நிறுத்தக் கூடாது என்று அதே திட்டம் சொல்கிறது. உங்கள் கருத்துரு போனதா என்று கேளுங்கள்.

பணத்தோடு வீட்டுமனை, நிலம், கறவை மாடு, கூலி வேலை, ரேஷன் ஆகியவையும் திட்டத்தில் இருக்கின்றன. கேட்காதவர்களுக்கு இவை வருவது அபூர்வம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் மனு மேசை மேசையாகச் சுற்றும். "இரண்டு கறவை மாடு, ஊரக வேலை அட்டை, பழங்குடிச் சான்று" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விடுதலைச் சான்றின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். சூளை வேலை கைவந்தது என்றால் அதையும் எழுதலாம்: திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே சொந்தமாகச் சூளை நடத்துகிறார்கள், மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு.

பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழங்குடியினருக்கும் கொத்தடிமையாக இருந்தவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தொலைபேசி எண் 15100.